மூன்றாம் முறை கழற்றிய டிஸ்க்

2023 ஜூன் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, வாழைக்குலை வியாபாரி சிவபிரசாத் தம் காரைச் சுசீந்திரம் சாலையோரத்தில் உள்ள சிலுவைதாசனின் பட்டறைக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுகிறது என்றார்.

சிலுவைதாசன் முன்சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் பேடுகள் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கைத் துடைத்துப் பல இடங்களில் கனம் அளந்தார். வரி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் குறுக்கே வருடினார். தேய்வும் இல்லை, கீறலும் இல்லை. சுழற்றிப் பார்க்கையில் மட்டும் தட்டு லேசாகக் கோணியிருந்தது. இரு பக்கமும் புதிது மாட்டி அனுப்பினார்.

ஓணத்துக்குள் கார் அதே ஆட்டத்தோடு திரும்பி வந்தது. மறுபடியும் புதிது மாட்டினார். கார்த்திகையில் மீண்டும் ஆடத் தொடங்கியபோது, சிவபிரசாத் பட்டறைக்கு வரவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். "இந்த மேஸ்திரி டூப்ளிகேட் சாமானத்த மாட்டி காசப் பறிக்கான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். வாடிக்கையான டாக்சிக்காரர்கள் இருவர் அந்த வாரமே வேறு பட்டறை தேடிக்கொண்டார்கள். மற்றவர்களும் போய்விட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

சிலுவைதாசனே போய்க் காரை வாங்கிவந்து கழற்றினார். கனம் குறையவில்லை, நகம் எங்கும் தட்டவில்லை. ஆனால் தட்டில் நீலம் பாரித்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை வெடிப்புகள். கொதித்த இரும்பு சட்டென்று குளிர்ந்து கோணிய அடையாளம்.

"அண்ணாச்சி, வண்டிய ஆத்துல கீத்துல இறக்குனீங்களா?"

"காரு என்ன எருமையாவே, ஆத்துல குளிப்பாட்ட? உம்ம சாமானம் கொள்ளாது. அத ஒத்துக்கிட ஒமக்கு நாக்கு வரல."

வந்த வசையை அடக்கிக்கொண்டு சிலுவைதாசன் புதுத் தட்டை எடுத்தார். "புதுசு மாட்டுதேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் சிவபிரசாத் சிலுவைதாசனையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு துட்டி வீட்டுக்குப் புறப்பட்டார். எந்தச் சாவுக்கும் முதல் மாலை அவருடையதாக இருக்க வேண்டும். திரும்புகையில் நெரிசலில் மிதித்து, நேரத்தைப் பிடிக்கப் பறந்து, மறுபடியும் மிதித்து, வீட்டு வாசலில் நிறுத்தினார். அவருடைய தாய் சொர்ணம்மாள் தயாராக நின்று, வாளித் தண்ணீரை முன்சக்கரங்களில் வீசினார். சுர்ரென்று ஆவி எழுந்தது.

சிலுவைதாசன் தலையில் கைவைத்தார். "எம்மா, எப்பவும் இப்பிடித்தானா?"

"பொறவு? துட்டிக்குப் போன வண்டிய நனைக்காம உள்ள ஏத்த முடியுமா?"

"நனையுங்க, வேண்டாங்கல. சூடு ஆறின பொறவு நனையுங்க."

"அதுவரைக்கும் தீட்டோட தெருவுல கெடக்கவா?"

"கெடக்கட்டும். இல்லன்னா டிஸ்க்குக்கும் சேத்து மாலை வாங்கணும்."

சிவபிரசாத் குனிந்து சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் கார் வாசலில் ஆறிய பிறகே நனைகிறது, ஸ்டியரிங் ஆடவில்லை. போன டாக்சிக்காரர்களில் ஒருவர்தான் திரும்பி வந்தார். சிவபிரசாத்தும் சிலுவைதாசனும் அதே டீக்கடையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து குலை விலை பேசுகிறார்கள். அங்கே சொன்ன சொல்லை அங்கேயே திரும்பப் பெறும் கடன் சிவபிரசாத்திடம் அப்படியே நிற்கிறது. சிலுவைதாசன் அதைக் கேட்டதேயில்லை.