தப்பான சிகரத்தில் உடைத்த தேங்காய்

மார்ச் ஒன்பது, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன், கோப்பி ஆற்றினேன், வானம் தெளிவு என்று குறித்துக்கொண்டேன். ஐந்தரைக்கு மெர்லிமாவ் சாலையில் அக்கா காத்திருந்தார். என் அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் தபால் பிரித்தவர். அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் பையில் ஒரு தேங்காய் இருந்தது.

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாக நடக்க முடிந்தால் லேடாங் மலை உச்சியில் தேங்காய் உடைப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே பால் மரம் வெட்டப் போகுமுன் எல்லாரும் அந்த மலையைப் பார்ப்பார்கள். உச்சி மேகத்தில் மறைந்தால் மழை, வேலை இல்லை. அருகருகே தெரியும் சிகரங்களுக்கு உறவுமுறை வைத்திருந்தார்கள். முன்னால் ஓங்கி நிற்பது அண்ணன். பின்னால் ஒதுங்கி நிற்பவை தம்பிகள்.

பதினொன்று பத்துக்கு அண்ணன்மேல் ஏறிவிட்டோம். அக்கா ஒரே அடியில் தேங்காயை உடைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த மலாய் வழிகாட்டி எல்லாம் முடியும்வரை மரியாதையாக நின்றுவிட்டு, பின்னாலிருந்த தம்பியைக் காட்டினார். உண்மையான உச்சி அதுதானாம். கிட்டே இருப்பதால் இது கீழிருந்து உயரமாகத் தெரிகிறதாம். பன்னிரண்டரைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அக்கா உடைந்த மூடிகளைப் பார்த்தார். "இத்தன வருஷமா தம்பியப் போயி அண்ணன்னு கும்பிட்டிருக்கோம் லா!"

"போதும்கா, சாமி ஏத்துக்கும். முட்டி என்னாவறது?"

"முட்டிக்குத்தானேப்பா வேண்டுதலே! நீ வேணும்னா இங்கயே உக்காந்து டைரி எழுது."

இடையில் கயிற்றைப் பிடித்து இறங்கி ஏற வேண்டிய பள்ளம். நான் மூன்று முறை உட்கார்ந்தேன், அக்கா ஒரு முறை. பன்னிரண்டு இருபதுக்கு உச்சியில் நின்றோம். ஆனால் படைக்க எதுவும் இல்லை. ஒருமுறை படைத்த தேங்காயை மறுபடி படைக்கவும் முடியாது. அக்காவின் முகம் வாடியதைக் கண்ட வழிகாட்டி, தன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். நெத்திலியும் சம்பலும் படாத ஓரத்திலிருந்து ஒரு பிடி சோறெடுத்து அக்கா பாறைமேல் வைத்தார்.

"தேங்காப்பால்ல வெந்த சோறுதானே. சாமிக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அக்கா சிரிக்க, வழிகாட்டியும் சேர்ந்து சிரித்தார். அத்தனை உயரத்தில் அப்படிச் சிரித்தவர்களை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மறுநாள் ஏழரைக்கு, முதல் வேலையாக, கால் எப்படி இருக்கிறது என்று கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவரோ சாலையோரம் நின்று, மோட்டார் சைக்கிளில் போன பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்திருந்தார்.

"அந்த மலையில எது உசரம், சொல்லுங்க?"

அவர் முன்னால் நின்ற சிகரத்தைக் காட்டினார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க லா!"