டேங்கின் காற்றுக்குழாய்

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று எங்களுக்கு உண்டு. ‘எங்களுக்கு’ என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓட்டுவது நான், ஆயில் மாற்றுவது நான், ஆண்டுச் சோதனைக்கு அலுவலகம் அலுவலகமாக அலைவதும் நான். என் கணவர் அதைக் கழுவுவார். எலப்புள்ளியில் எங்கள் தோப்பையும் வயலையும் பார்த்துக்கொள்கிறவர், ஞாயிறானால் வாளியும் துணியுமாக என்னோடு கிளம்பிவிடுவார். மாநில எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் தனியார் ஓடுதளம் இருக்கிறது. அதன் ஓரத்தில் நாங்களே போட்ட தகரக் கொட்டகையில்தான் விமானம் நிற்கும். “இதுக்கு ஒரு டிராக்டர் வாங்கியிருக்கலாமில்லீங்க?” என்று ஊரில் இன்றும் கேட்கிறார்கள். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற விமானத்தை, மழை விட்டதும் ஒரு ஞாயிறு காலை வெளியே எடுத்தோம். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊருக்கு அடுத்த சித்தூர்ப் பக்கம் வயல்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் இருமியது. பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள் சரிந்துகொண்டே வந்தது. கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர் கட்டிய வயல். உடனே திருப்பினேன். செத்தும் சாகாமலும் இருந்த எஞ்சினை வைத்துக்கொண்டு எப்படியோ ஓடுதளத்தில் இறக்கிவிட்டேன். இறங்கியதும் அவர் சொன்னார்.

“என்னன்னு கண்டுபுடி அம்மிணி. முடியாட்டி வித்துப்போடலாம்.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஏன் இருமியது என்று தெரியாத எஞ்சினை நம்பி மேலே போகக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். காரணம் கிடைக்காவிட்டால் விமானம் போகும். அது போனால் எனக்கென்று வாரத்தில் ஒரு நாள் இருப்பதும் போகும்.

கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. எங்கள் விமானத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் என்ஜினியரை வரவழைத்தேன். உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு தேனிக்காரர் மாதிரி இருக்கும், ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார். பிளக் மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றினார், பம்பையும் பில்டரையும் மாற்றினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்து, ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் அது தேன்மாதிரி ஓடி எங்களைக் கேலி செய்யும்.

கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “வேற வழியில்லம்மா. இஞ்சின இறக்கிப் பெங்களூருக்கு அனுப்பிற வேண்டியதுதான். அங்கயும் கண்டுபிடிப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

எஞ்சினை இறக்க அவர் வந்த நாள், நான் உர்ரென்று இருந்தேன். கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஓடவிடுகிறேன் என்று சொல்லி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். டேங்க் மூடியைத் திறக்கவில்லை. எங்கே போகப்போகிறோம், எவ்வளவு இருந்தால் என்ன என்ற அலுப்பு. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. என்ஜினியர் வெளியே நின்று நேரமாவதைச் சாடையில் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்போதுதான் அது இருமியது.

தரையிலேயே இருமியது! முள் சரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நோயாளி டாக்டர் எதிரிலேயே மயங்கி விழுந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிப்போய், இருக்கைக்குப் பின்னால் இருக்கும் டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. காபித்தூள் டப்பாவின் சீலைக் கிழிக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கென்றே விமானத்தின் அடிவயிற்றில் விரல் தடிமனில் ஒரு குழாய் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. நாங்களோ ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, நோயைத் தீர்த்துவிட்டு நோயைத் தேடியிருக்கிறோம்.

குழாயின் வாயைப் பறக்கும் முன் எப்போதும் தொட்டுப் பார்ப்பேன். வாய் திறந்துதான் இருந்தது. என்ஜினியர் கீழே படுத்து ஒரு கம்பியை உள்ளே விட்டார். கொஞ்ச தூரம் போய் முட்டியது. சுரண்டச் சுரண்டக் காய்ந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. மண்ணுக்குள் செத்த மாதிரி சுருண்ட சிலந்திகள், நடுவில் வெள்ளையாக ஒரு புழு.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! குளவிக் கூடும்மா. இம்புட்டூண்டு மண்ணுக்கா இஞ்சினக் கழட்டப் பாத்தேன்?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “ஏனுங்க, இங்க வந்து பாருங்க!” என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் வாளியோடு வந்தவர், மண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அது கட்டறப்பவே பாத்தேன் அம்மிணி. தொடைக்கறப்ப மண்ணு கொண்டாந்துட்டு இருந்துது.”

“பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? ரெண்டு பேரும் வயல்ல விழுந்திருப்போம்!”

“தண்ணி வடியற குழாய்னு நெனச்சேன்.”

“எதா இருந்தா என்னங்க? கலைச்சு உட்டிருக்கலாமில்ல?”

“அதெப்படிக் கலைக்கறது?” என்றார், தரையைப் பார்த்தபடி.

என்ஜினியருக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. கை கழுவ வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும் என்பார்கள். என் கணவர் வீட்டில் யாரும் கலைக்க விட்டதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. கடைசி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவர்தான் சொன்னார், போதும், நமக்கு நாம் போதும் என்று. நான் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. டெங்கு வந்த வருஷம் வீட்டு ஜன்னல்கள் ஒன்று விடாமல் நான் கொசுவலை அடித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் குளவி வர வழியே கிடையாது.

“கொட்டாயும் நம்ம ஊடுதானேன்னு இருந்துட்டேன்” என்றார்.

பாவமாக இருந்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் தனியாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே என்று என்மேல்கூடக் கோபம் வந்தது. அவர் குனிந்து, உடைந்த மண்ணைப் பொறுக்கிக் கொட்டகைக் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்தார். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை.

குழாயைச் சுத்தம் செய்து, வாயில் சல்லடைக் கம்பி வைத்துக் கட்டி, என்ஜினியர் கையெழுத்துப் போட்ட பிறகு முதலில் நான் தனியாகப் போய் ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முள் அசையவில்லை. இறங்கியபோது அவர் பக்கத்து இருக்கைக் கதவருகே வந்து நின்றார்.

“வரட்டா?”

“பயமில்லீங்களா?”

“அதான் காரணம் தெரிஞ்சுபோச்சில்ல.”

சித்தூர் வயல்களுக்கு மேலே, முன்பு இருமிய அதே இடத்தைத் தாண்டினோம். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு ஹெட்செட்டில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், சிரித்தார். மாசக்கணக்காக அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

காரில் வீடு திரும்பும்போது சொன்னேன். “மேக்கால ரூம்பு சன்னல் வலைய நாளைக்குக் கழட்டிப்போடுங்க.”

அவர் சாலையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கொசு வரும் அம்மிணி.”

“வரட்டுங்க.”