அதீக்கின் வாயும் தர்ஃபாவின் பல்லும்

கட்டிய மனைவி உஷ்பாவுக்கு ஒரு கோப்பை கஹ்வாக் காப்பிகூடச் சூடாக்கித் தராத மகராசன் அதீக். ஆனால் விடிந்தும் விடியாமலும் அடுப்படிக்கு வந்து எள்ளெண்ணெயைச் சூடாக்குவான், தர்ஃபாவின் முட்டிகளுக்குத் தேய்க்க. தர்ஃபா அவனுடைய சலூக்கி, முயல் விரட்டுகிற வேட்டை இனம். நாய் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த ஆளோடு அன்றைக்குப் பேச்சு கிடையாது. நாய் வேறு, சலூக்கி வேறு என்று அந்தப் பாலைவனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதீக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான்.

தர்ஃபாவுக்கு வயதாகிவிட்டது. காது மந்தம், பின்னங்கால் இழுக்கும், படுத்த இடத்திலேயே ஈரம். அதீக் முகம் சுளிக்காமல் துடைப்பான், கம்பளியை மாற்றுவான், ஒரே பக்கம் கிடந்து புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பான். காதோரம் தொங்கும் பட்டு மயிரை விரலாலேயே சிக்கெடுப்பான். வேட்டைக்குப் போகிற சலூக்கிக்குப் பூசுவதுபோல, எங்கேயும் போகாத அந்தப் பாதங்களுக்கும் மருதாணி பூசுவான்.

“என் முட்டியும் முட்டிதாங்க,” என்பாள் உஷ்பா.

“நீ என்ன முயலா வெரட்டுன?” என்பான்.

இதெல்லாம் வீட்டுக்குள். விருந்தினர் கூடத்தில் அவன் வாயே வேறு. “நேத்துகூட ஒரு முயல். புழுதிகூடத் தெரியல, பாஞ்சுட்டா!” தர்ஃபா மூலையில் அசையாமல் கிடந்தால், வேட்டைக்குப் போய்வந்த அசதி. முகம் நரைத்தபோது மிஞ்சிய மருதாணியை மூஞ்சியிலும் அப்பிவிட்டான். குமரிபோலச் சிவந்து கிடந்தாள். ஊரும் நம்பித் தொலைத்தது.

ஒரு மாலை, மலைப்பக்கத்திலிருந்து பெரிய மனிதர் பக்கீத் நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். கஹ்வா ஊற்றிக் கொடுத்தார்கள். பக்கீத் வாயில் வைக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார். எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைக்குப் போனது. விருந்தாளி கோப்பையைத் தரையில் வைத்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். தருகிறேன் என்கிற சொல் கிடைக்கிறவரை குடிக்கமாட்டார். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சொல் கொடுக்கிறவனுக்குப் புத்தி இருக்கிறது என்று பெயர்.

“குடிங்கண்ணே! கேட்டது குடுத்தாச்சு!” என்றான் அதீக்.

“தம்பி, அந்தத் தர்ஃபாவக் குடு. நீ சொன்ன முயல் கதைய எல்லாம் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

அதீக்கின் முகம் செத்துப்போனது. சலூக்கியை விற்பதில்லை, கொடுப்பதுதான் வழக்கம். மறுத்தால் சொல் தவறியவன் என்ற பெயர் பேரப்பிள்ளைகள் வரை ஒட்டிக்கொள்ளும். கொடுத்தாலோ, அந்த மலைப்பாதையில் வண்டி குலுங்குகிற குலுக்கலில் தர்ஃபா போய்ச் சேரமாட்டாள். போய்ச் சேர்ந்தாலும் யார் புரட்டிப் போடுவார்கள்?

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து உஷ்பாவின் குரல் வந்தது. “ஏங்க, இவ்வளவு நாள் பேசுன வாய் எங்க போச்சு? உண்மையச் சொல்லுங்க!”

அதீக் மூலையில் கிடந்த தர்ஃபாவைக் காட்டினான். “அண்ணே, முயல் பிடிக்கிற சலூக்கி இந்த வீட்டுல இல்ல. இது கெழவி. நடக்கவே முடியாது. மூஞ்சில இருக்கறது மருதாணி. நான்தான் பூசுனேன்.”

பக்கீத் சிரிக்கவில்லை. “குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லு தம்பி. நேத்து முயல் பிடிச்சவ இன்னைக்குக் கெழவி ஆயிட்டாளா?”

பொய்யை அத்தனை பேரும் நம்பினார்கள்; உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை. அவனுக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

அதீக் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தான். கொட்டையைத் துப்பினான். பழத்தைக் கூழாகும்வரை மென்றான். பிறகு அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் மண்டியிட்டு, தர்ஃபாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, மென்றதை உள்ளங்கையில் துப்பி அவள் வாயருகே நீட்டினான். பல்லே இல்லாத வாய் அதை மெல்ல நக்கியது. தினமும் அப்படித்தான் என்பது, கை வருவதற்கு முன்பே அவள் வாய் திறந்ததிலேயே தெரிந்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

பக்கீத் ஆறிப்போன கஹ்வாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

“கேட்டத திருப்பி எடுத்துக்கிட்டேன். அவ இங்கயே இருக்கட்டும்.”

திரைக்குப் பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது. “எனக்கும் ரெண்டு கடவாப்பல்லு போயி வருஷமாச்சு. ஞாபகம் இருக்கட்டும்!”

கூடம் அதிரச் சிரித்தது. ஊரில் எவன் எதைச் சொன்னாலும் பதில் வைத்திருக்கும் அதீக்கின் வாய் நிறைய அன்றைக்கு இரண்டாவது பழம் இருந்தது.