விளக்கு வைக்கும் நேரத்து மீன்கள்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னை எப்போதும் கத்தித்தான் கூப்பிடுவாள். அன்றைக்குப் படியேறி வந்து மெதுவாகச் சொன்னாள்.

"கோமு, கீழ் ஊட்டு மெகரு போய்ட்டாடி."

"எங்க?" என்று கேட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. எங்கேயாவது போக வேண்டும் என்றுதானே நானும் மெகருன் அக்காவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

திருநின்றவூர் ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர்கள் அவளைப் பார்த்திருப்பீர்கள். புர்காவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, மூங்கில் கழியோடு உட்கார்ந்திருப்பவள். பக்கத்தில் ஒன்றும் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தது நான். யாராவது நின்று போட்டோ எடுத்தால் அக்கா திரும்பாமலே சொல்வாள்: "மீனு மாட்னா நானே கூப்புடுறேன். இப்ப நட நைனா, சுகர் ஏறிடப் போவுது."

அவள் பிறந்தது பூந்தமல்லி. கல்யாணமாகி இங்கே வாடகை வீட்டுக்கு வந்தாள். கணவர் வளைகுடாவில். வீட்டில் அவளும் மாமியாரும்தான். நான் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு மேல் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றால், வேறு எங்கும் இல்லை. கதவு, கூடம், சமையலறை, மாடி, மறுபடி கதவு. ஒருநாள் மாடிப்படியில் அக்கா என்னை நிறுத்தி, "இன்னாடி, கூண்டுல போட்ட கீரி மாரி சுத்தினே கீற? வா, ஏரிக்குப் போலாம்" என்றாள்.

இரண்டு வீட்டுக்கும் சட்டம் ஒன்றுதான். கீழே அதற்கு மக்ரிப் என்று பெயர், மேலே விளக்கு வைக்கும் நேரம். பொழுது சாய்வதற்குள் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அக்காவின் மாமியார் மூன்றரை மணி அசர் தொழுகை முடிந்ததும் விடுவார், மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் வாசலில் நிற்க வேண்டும். கொண்டுபோகும் மீனை முதலில் தட்டில் போட்டுக்கொள்வதும் அவர்தான்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் தேடிப் போனது வெளிச்சி. நீர்மட்டத்திலேயே திரிந்து, மேலே விழுவதைத் தின்னும் பொடி மீன். ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பித் தண்ணீரில் விழும். அப்போதுதான் வெளிச்சி கூட்டமாக மேலே வரும். ஈசல் கிளம்புவதோ பொழுது சாயும்போது. அதாவது, நாங்கள் கழியைச் சுருட்டிக்கொண்டு ஓடும்போது. மீன் துள்ளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அக்கா என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மழை நாளில் டியூப்லைட்டுக்குக் கீழே பேசினில் தண்ணீர் வைப்பாள். ஈசல் வந்து விழும். நம் வீடுகளில் வறுத்துத் தின்ன இதைச் செய்வதுண்டு. அக்கா வறுக்கவில்லை. உலர்த்தி டப்பாவில் போட்டு மறுநாள் அசர் முடிந்ததும் ஏரிக்குக் கொண்டு வந்தாள். "நேரம் நம்ம கைக்கு வர்லன்னா நாம அத டப்பால எடுத்தாரணும்" என்றாள்.

எங்கே தூவுவது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தாள். முதலில் காற்றைப் பார்ப்பாள். வாடைக்காற்று குப்பை, பூச்சி, இறகு எல்லாவற்றையும் எந்த மூலையில் ஒதுக்குகிறதோ அங்கே போய் உட்காருவாள். மீன் கொத்தும் ஆலாப் பறவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் அந்த இடம் உறுதி. ஒரு பிடி ஈசலைத் தூவிவிட்டுக் காத்திருப்பாள். தண்ணீரில் ஒரு வட்டம், பிறகு பத்து. செருப்பு ரப்பரில் வெட்டிய நீலத் தக்கைக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லாமல் தூண்டில் முள் தொங்கும். மேல்மட்ட மீனுக்கு ஆழம் எதற்கு. நான்கு மணி வெயிலிலேயே வெளிச்சி பளபளவென்று ஏறும். ஏரியையே ஏமாற்றிவிட்டோம் என்று சிரிப்பாள்.

போன ஐப்பசியில் பெருமழை. தெருச் சாக்கடையெல்லாம் ஏரியில் இறங்கியது. மறுநாள் வானம் மப்பு. போய்ப் பார்த்தால், கரை ஓரம் முழுக்க மீன் வாய். வெளிச்சி, கெண்டை, கெளுத்திகூட மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜனங்கள் கொசுவலையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் அவசரமாகத் தூண்டிலைப் போட்டேன். இரை மீனின் மூக்கின் மேலேயே விழுந்தது. தொடவில்லை. மறுபடி போட்டேன். தொடவில்லை.

அக்கா கழியைப் பிரிக்கவே இல்லை. "தூண்டில வெளிய எட்றீ" என்றாள்.

"எவ்ளோ மீனு மேல வந்துகீது, பாருக்கா."

"தீனிக்கு வர்லடி அது. மூச்சுக்கு வந்துகீது."

அன்று வெறுங்கையோடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கிடங்கில் பார்சல் கட்டும் வேலை வந்தது. முடிய ஏழு மணி ஆகும். அம்மா ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். எனக்காகப் பேச அக்கா மாடி ஏறி வந்தாள்.

"ஆன்ட்டி, அவள உடுங்க. ஏழு மணி இன்னா நடுராத்திரியா?"

"நீயே பாங்குக்கு முன்னாடி ஊட்டுக்கு ஓடியார. நீ சொல்ல வன்ட்டியா?" என்றாள் அம்மா.

அக்கா சிரித்தாள். "அதான் ஆன்ட்டி சொல்றேன். தெரிஞ்சவதான சொல்லணும்." இறங்கும்போது நடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இந்த வருஷம் மழை தொடங்கியபோது அக்கா ஏரிக்கு வரவில்லை. கால் வலி என்றாள். ஆனால் எந்நேரமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கிண்டல் செய்தார்கள். "மெகருக்கு வேடிக்க பாத்தே வயிறு ரொம்பிடுது" என்று அம்மா சொன்னாள். அக்காவும் கூடவே சிரித்தாள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது, படுத்தால் மூச்சு முட்டியிருக்கும், அதனால்தான் நின்றிருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த அன்று அம்மாவிடம் அந்த மப்பு நாள் மீன்களைப் பற்றியும் அன்றைக்கு அக்கா சொன்னதைப் பற்றியும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றினாள், நான்காவது ஊற்றினாள்.

போன வாரம் மழை விட்ட ஒரு மத்தியானம், அக்காவின் மாமியார் கழியையும் டப்பாவையும் என் கையில் கொடுத்தார். தனியாகப் போனேன். குப்பை ஒதுங்கிய மூலையில் உட்கார்ந்தேன். மக்ரிப் பாங்கு கேட்டது. கை தானாகத் தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினேன்.

ஈசல் கிளம்பியது. டப்பாவில் வராத, உயிருள்ள ஈசல். ஏரி முழுக்கக் கொதிக்கிற மாதிரி வெளிச்சி துள்ளியது. இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. தூண்டிலைப் போடக்கூடத் தோன்றவில்லை.

போன் அடித்தது.

"மணி இன்னாடி ஆவுது? வெளக்கு வெச்சாச்சு. மீனுக்கோசரமா இன்னும் குந்தினு கீற?"

"மீனுக்கு இல்லம்மா. மூச்சுக்கு."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"டார்ச்சு கீதா?" என்று கேட்டாள்.

வேலைக்கு அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. கதவு, கூடம், சமையலறை எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு நீலத் தக்கை. கூடவே, பாங்குக்குப் பிறகு வரும் அந்த அரை மணி நேரம். அவள் முதுகுக்குப் பின்னால் சத்தமாக மட்டுமே கேட்டது அது. அதை நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இனி திருப்பித் தருவதாக இல்லை.