உட்கார்ந்தால் நழுவும் கால்சட்டை

பான்ஸ்கோ என்கிற எங்கள் மலையூரில் சிறு பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுத்தருகிற ஸ்த்ராவ்கா என் தங்கை. என் தோளளவுதான் உயரம். ஆனால் மலையில் அவளைப் போல் சறுக்கி இறங்க இந்த ஊரில் ஆளில்லை. ஆண்டுதோறும் அவளுடைய பனிச்சறுக்குக் கால்சட்டையை நான்தான் குட்டையாக்குவேன். காலுக்குள் பனி புகாமல் தடுக்கும் உள்பட்டையைப் பிரித்து, நீளத்தை வெட்டி, பட்டையைத் திரும்ப வைத்துத் தைப்பேன்.

இந்த முறை புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கடையில சின்னப் பிள்ளைங்க பகுதியில செவ்தா தேடிக் குடுத்தா, அக்கா. வெட்டவே வேணாம், பாரு."

செவ்தா அவளோடு வேலை செய்பவள். கால்சட்டையின் நீளம் கச்சிதமாக இருந்தது. என் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை.

"உன் அளவு அவளுக்கு என்னடி தெரியும்?"

"பொறாமையா?"

"பிள்ளைக்கு ஷூ மாட்டுற மாதிரி குத்தவச்சு உக்காரு."

உட்கார்ந்தாள். பின்பக்க இடுப்பு நழுவி இறங்கி, உள்ளாடை தெரிந்தது. நாளெல்லாம் பிள்ளைகள் முன் இப்படி உட்காருவதுதான் அவள் வேலை.

"செவ்தா உன்னை உக்கார வச்சுப் பாக்கலியோ?"

"நிக்க வச்சுதான் பாத்தா," என்றாள் மெதுவாக. "இடுப்புல துணி வச்சுத் தைக்க முடியுமாக்கா?"

"முடியாது. திருப்பிக் குடுத்துட்டுப் பெரியவங்க கால்சட்டையா வாங்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைத் துடைத்து மேசைமேல் வைத்தேன்.