பத்து மணிக்கு யார் பிரதமர்?

எங்கள் சபை ஒரு ரப்பர் தோட்டத்தில், தகரக் கூரைக்குக் கீழே பிறந்தது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியதும் ஈப்போ நகரின் சிலிபின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை: ஞாயிறு ஆராதனையில் நாட்டை ஆள்பவரைப் பெயர் சொல்லி ஜெபிப்போம். தோட்டத்துக் காலத்தில் இங்கிலாந்து மன்னரின் பெயர். அவருக்கு அடுத்தபடி தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் ஒரு வரி இருந்ததாம். 1957-இல் நாடு விடுதலையாகி இங்கிலாந்துப் பெயர் போன பிறகும் துரை கொஞ்ச காலம் அந்த வரியில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

எனக்குத் தேதிப் பைத்தியம் என்பதால் ஆராதனைத் தாள் அச்சடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 2020 பிப்ரவரி கடைசி வாரத்தில் பிரதமர் பதவி விலகியிருந்தார். வெள்ளிக்கிழமை வரை அடுத்தவர் யாரென்று தெரியாததால், பெயர் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டு அச்சடித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை மாமன்னரின் அரண்மனையிலிருந்து புதியவரின் பெயர் அறிவிப்பு வந்தது. பதவியேற்பு மார்ச் 1, ஞாயிறு காலை பத்தரைக்கு. எங்கள் ஜெபமோ பத்துக்கு.

அன்று ஜெபிக்கும் முறை பக்கத்து வீட்டு அக்காவுடையது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். 2018 மே 9 அன்று, ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலைத் தெருவுக்கே காட்டியவர். அந்த ஓட்டில் வந்த அரசாங்கம், சிலர் கட்சி தாவியதில், அடுத்த ஓட்டு வருமுன்னே போய்விட்டது. வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்தக் கோட்டுல யார் பேரைச் சொல்ல? நான் ஓட்டுப் போடாத ஆளுக்கு ஆசீர்வாதம் கேக்கணுமா லா?”

“பத்து மணிக்குச் சட்டப்படி பழையவர்தான்க்கா. விலகினாலும் இடைக்காலப் பிரதமர்.”

“பத்தரை வரைக்கும் இழுத்து ஜெபிச்சா?”

“புதியவர்.”

“உன் கடிகாரத்தைத் தூக்கி லோங்காங்ல போடு!” வாசலோரச் சாக்கடையைக் கை காட்டினார்.

பாஸ்டர் எட்டிப் பார்த்தார். “யாரா இருந்தாலும் ஜெபிக்கணும்க்கா. ஆதிச் சபையில, தங்களைச் சிங்கத்துக்குப் போட்ட ராஜாவுக்கே ஜெபிச்சாங்க.”

“ராஜா சரி பாஸ்டர். தவளைங்களுக்குமா?” கட்சி தாவுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

படித்ததைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்தது. “அவங்க ராஜாவுக்காக வேண்டினாங்கக்கா, ராஜாவைச் சாமின்னு வேண்டல. அதனாலதான் சிங்கமே வந்துச்சு.”

அக்கா தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெபத்தில் அந்தக் கோடு வந்ததும் நின்றார்.

“ஆண்டவரே, எங்களை ஆளுறவர் யாருன்னு எங்களுக்கே குழப்பமா இருக்கு. உமக்குத் தெரியும். அவருக்கு நல்ல புத்தி கொடும். நாங்க யாருக்கு ஓட்டுப் போட்டோம்னும் உமக்குத் தெரியும். அதையும் மறந்துடாதேயும்.”

நாங்கள் சொன்ன ஆமென்னில், எதிர்க் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

2022 நவம்பர் 19, சனிக்கிழமை, பொதுத்தேர்தல். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஞாயிறு விடிந்ததும் அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, பேரு போட்டுட்டியா?”

“இல்லக்கா. கோடுதான்.”

“இன்னைக்கு என் முறை இல்ல, தெரியும். ஆனா கோடு வந்தா அது எனக்கு. பாஸ்டர்கிட்ட சொல்லிரு.”