பற்றரியில் தொங்கிய குரல்

என் மனைவியின் குரல்வளையில் புற்றுநோய், அதை எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியாது. அதனால் குரல் தெளிவாக இருந்தபோதே செபமாலை, பாட்டு, சும்மா கதைப்பது என்று எல்லாவற்றையும் கைபேசியில் பதிந்து வைத்தோம். கார்த்திகை மாதம் பிறந்தபோது குரல் கம்மிவிட்டது.

அந்த மாதம் ஒரு நாள் காலை பதிவுகளை வீட்டிலிருந்த கணினிச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றி, நிரம்பிவழிந்த கைபேசியைக் காலியாக்கினேன். பெட்டியில், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே கோப்புகளைத் தாங்கும் மலிவான நினைவக அட்டை ஒன்றைப் பொருத்தியிருந்தேன். கோப்புகள் முதலில் அதற்குள் போகும். பிறகு இரவில்தான் மெல்ல டிஸ்குக்கு இறங்கும். இடையில் மின்சாரம் நின்றால், அட்டையிலுள்ள சின்னப் பற்றரி சில மணி நேரம் அவற்றை அழியாமல் பிடித்து வைத்திருக்கும்.

மதியம் துறைமுகப் பக்கமிருந்து காற்றும் மழையும் வந்தன. மின்சாரம் போனது. மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, நாளைக்குத்தான் வரும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அட்டையின் பச்சை விளக்கு மஞ்சளாகியிருந்தது. சிவப்பானால் பற்றரி முடியப்போகிறது என்று அர்த்தம்.

"என்னப்பா, முகம் இப்பிடிப் போச்சு?" என்றாள், அடைத்த குரலில்.

"உம்மட பதிவு ஒண்டும் டிஸ்குக்கு இறங்கேல்ல. பற்றரி செத்தா எல்லாம் போயிடும்."

அவள் மழைத்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கப்பல்துறையில தம்பி வீட்ட சோலார் இருக்கு. தூக்குங்கோ."

ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்து, மழைத்துணியால் போர்த்திக்கொண்டேன். கண்டி வீதியில் தண்ணீர் நின்றது.

"கொஞ்சம் கெதியாப் போக ஏலாதோ?" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தினேன்.

"ஏலாது அண்ணை, எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும்."

துணியை விலக்கிப் பார்த்தேன். விளக்கு சிவப்பு. அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவளும் பார்த்துவிட்டாள்; என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

கைபேசியில் சொல்லியிருந்ததால், அவள் தம்பி, என் மச்சான், வாசலிலேயே வயரோடு நின்றார். பெட்டி உயிர்த்தது. அதோடு இணைத்த மச்சானின் லப்டொப் திரை வெகு நேரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஒன்றைத் திறந்தேன். "இந்தப் பாரைக்கு இவ்வளவோ? ஐஸ் வாசம் அடிக்குது" என்று மீன்காரரை மடக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் சிரித்தார்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள் அவள். நோய் தெரிந்த நாளிலிருந்து அழாதவள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதுகொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கப்பா."

"எனக்கும்தான்," என்றேன்.

அதை ஒருவருக்கொருவர் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.